திருவிழாக் காணொளியில் யாருடைய உரிமைகள்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் தீர்த்தவாரிக்கு மயிலம் முருகன், மணக்குள விநாயகர் உள்ளிட்ட பல கோயில்களின் உற்சவர்கள் வந்து சேர்கிறார்கள். அன்று மாலைக்குள் அந்தக் காட்சிகள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஏறி, பாரிசில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் வரை போய்விடுகின்றன. அப்படிப் போகும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றில் பலருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது. படம் பிடித்தவர், பின்னணியில் ஒலிக்கும் பாட்டை எழுதியவர், அதற்கு மெட்டமைத்தவர், பாடியவர், அதைப் பதிவு செய்து வெளியிட்ட நிறுவனம், சாமிக்கு முன்னால் தவிலோ பம்பையோ வாசித்துப் போனவர் என அந்தப் பட்டியல் நீளும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இவர்கள் ஒவ்வொருவரின் உரிமையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. மக்களிடையே உலவும் நம்பிக்கைகள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. அதனால் சிலர் பிறர் உழைப்பைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் சட்டம் அனுமதிக்கும் செயலுக்கே பயந்து ஒதுங்குகிறார்கள்.

“பொது இடத்தில் எடுத்த படம் எல்லாருக்கும் பொது.”

கடற்கரை பொது, ஊர்வலம் பொது. ஆனால் அங்கே ஒருவர் தம் கைபேசியில் எடுத்த படம் பொது அல்ல. எந்த இடத்தில் நின்று, எப்போது, எந்தக் கோணத்தில் எடுப்பது என்பதை அவர் தீர்மானித்தார். எடுத்த அந்த நொடியிலேயே உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. தில்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு செய்தால் வழக்கு வரும்போது அது முதல்நிலைச் சான்றாக உதவும். புகைப்படத்துக்கும் கவிதைக்கும் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, காணொளியும் அடங்கும் திரைப்பட வகைக்கு 5,000 எனக் கட்டணம் இருக்கிறது. மீனவர் குப்பத்து இளைஞர் எடுத்த காட்சியைத் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனம் எடுத்துத் தன் முத்திரையைப் பதித்து ஒளிபரப்பினால், அவர் பதிவு செய்யவில்லை என்பது அந்த நிறுவனத்துக்கு எதிர்வாதமாகாது.

இதன் மறுபக்கத்தில் தேவையில்லாத அச்சமும் உண்டு. கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி சிலையைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றால் சிலை வடித்தவரின் அனுமதி வேண்டுமோ என்று தயங்குபவர்கள் உண்டு. வேண்டியதில்லை. பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தையும் கட்டடத்தையும் வரையவும் படமெடுக்கவும் வெளியிடவும் திரைப்படத்தில் சேர்க்கவும் இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பிரெஞ்சுச் சட்டம் இந்த அளவுக்குத் தாராளமானதல்ல. 2016இல் அங்கு கொண்டுவரப்பட்ட விதிவிலக்கு, தனியாட்கள் வணிக நோக்கமின்றி எடுக்கும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஈபெல் கோபுரத்தின் இரவு விளக்கொளி அலங்காரத்தைப் படமெடுத்து விற்க அனுமதி பெற வேண்டும் என்று அதன் நிர்வாகம் கேட்பதும் இதனால்தான். இந்த விஷயத்தில் இந்தியச் சட்டம் படமெடுப்பவருக்குக் கூடுதல் சுதந்திரம் தருகிறது.

ஊர்வலத்தில் வாசிக்கும் கலைஞரைப் பற்றி இந்தப் பேச்சுகளில் யாரும் நினைப்பதில்லை. சட்டம் நினைத்திருக்கிறது. நிகழ்த்துகலைஞர் என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இடம்பெறுகிறார்கள். அவர்களுடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து வணிகத்துக்குப் பயன்படுத்த அவர்களின் சம்மதம் வேண்டும். அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கும் செய்திக்கும் விலக்கு உண்டு. பம்பைக்காரரின் வாசிப்பைப் பதிவு செய்து ஆல்பமாக விற்பவருக்கு அந்த விலக்கு கிடையாது.

“ஸ்டூடியோ எடுத்த கல்யாணப் படம் ஸ்டூடியோவுக்குச் சொந்தம்.”

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் காணொளிக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 17ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மணமக்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போடும் புகைப்படக்காரர் சட்டத்தின்படி பிறர் சொத்தைப் பயன்படுத்துகிறார். ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது இதனால்தான் முக்கியமாகிறது.

“திருவிழாவில் போட்ட பாட்டுதானே, வீடியோவிலும் போடலாம்.”

இதன் முதல் பாதி சரி. உண்மையான சமயச் சடங்கின்போதும் அரசு விழாவின்போதும் பாடலைப் பாடுவதோ ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடுவதோ பதிப்புரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் இதில் அடக்கம். இருந்தும் திருமண மண்டபங்களில் கட்டணம் கேட்டு உரிமைச் சங்கங்கள் வருவதாகப் புகார்கள் எழுந்தன. எனவே 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை பொது அறிவிப்பு ஒன்றை வெளியிட்டு, இந்த விலக்குக்கு மாறாக நடக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. தீர்த்தவாரிப் பந்தலில் பக்திப் பாடல் ஒலிக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாதிதான் தவறு. சட்டம் விலக்களிப்பது சடங்கு நடக்கும்போது ஒலிக்கும் இசைக்கு. அந்தப் பாட்டைக் காணொளியில் சேர்த்து உலகம் முழுவதும் பார்க்கும்படி வலையேற்றுவது வேறு ஒரு செயல். அதற்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவு நிறுவனம் என எல்லா அடுக்கிலும் அனுமதி வேண்டும். நடப்புச் செய்தியாக வெளியிடும்போது பின்னணியில் சிறிது கேட்பதற்கு நியாயமான பயன்பாடு என்ற வாதம் உண்டு. அழகுக்காக முழுப் பாட்டையும் ஒட்டிவிட்ட காணொளிக்கு அந்த வாதம் பொருந்தாது.

“முப்பது வினாடிக்குள் என்றால் குற்றமில்லை, பெயர் போட்டு நன்றி சொன்னால் போதும்.”

சட்டத்தில் எந்த இடத்திலும் வினாடிக் கணக்கு இல்லை. எடுத்த பகுதி முக்கியமானதா, எதற்காக எடுக்கப்பட்டது, மூலப்படைப்பின் சந்தையை அது பாதிக்குமா என்பவையே கேள்விகள். ஒரு பாட்டின் எல்லாருக்கும் தெரிந்த பல்லவி பத்து வினாடிதான் இருக்கும், ஆனால் பாட்டின் உயிரே அதுவாக இருக்கலாம். அதே சமயம், மிக அற்பமான பயன்பாட்டை நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில் பாடகி வசுந்தரா தாஸ் தாம் பாடிய திரைப்பாடல்களில் சில வரிகளைப் பாடிக் காட்டியது வழக்கானபோது, 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை அந்தக் கண்கொண்டே பார்த்தது. விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. படத்தை அலசும் காணொளியில் ஒரு காட்சித் துண்டைக் காட்டுவது இந்த வகை.

பெயர் போடுவது கடமைதான். ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது. “பதிப்புரிமையை மீறும் எண்ணம் இல்லை” என்று அடியில் எழுதுவதால் எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. செயலியிலேயே பாட்டு இருக்கிறதே என்ற வாதமும் உணவகத்துக்கும் துணிக்கடைக்கும் உதவாது. இன்ஸ்டாகிராம் தன் பாட்டுத் தொகுப்புக்குப் பெற்றிருக்கும் உரிமம் தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கானது. வணிகக் கணக்குகளுக்கென உரிமத் தொல்லையில்லாத இசைத் தொகுப்பு ஒன்று தனியாக இருக்கிறது. கடற்கரையோர விடுதியின் விளம்பர ரீலில் புதுத் திரைப்பாடலைப் போட்டால் பொறுப்பு விடுதிக்காரருடையது.

“பாரதி பொதுவுடைமை, ஆகவே பாரதி பாட்டு எதையும் எடுக்கலாம்.”

1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் வாழ்ந்தார். ‘பாஞ்சாலி சபதம்’, ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ ஆகியவை இந்த ஊரில் பிறந்தவை. அவருடைய எழுத்து பொதுவுக்கு வந்த வரலாறு, புதிய ஊடகம் ஒன்று வரும்போது உரிமைக்கு என்ன நேர்கிறது என்பதற்குத் தமிழில் உள்ள மிகத் தெளிவான சான்று. ஆ.இரா. வேங்கடாசலபதி அதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

1921இல் பாரதி மறைந்தபின் அவருடைய நூல்களின் உரிமை குடும்பத்திடமிருந்து அவருடைய தம்பி சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. அப்போதைய புதிய ஊடகங்கள் இசைத்தட்டும் வானொலியும் பேசும் படமும். அவற்றுக்குரிய உரிமையை அச்சுரிமையிலிருந்து பிரித்துச் சென்னை நகை வணிகர் ஒருவர் 1930களில் சிறு தொகைக்கு வாங்கினார். அன்று அதன் மதிப்பு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. அந்த உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்துப் பெரும் புகழ் பெற்றன. பாரதி பாடலைத் தம் ‘பில்ஹணன்’ படத்தில் சேர்த்த டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த உரிமையை எதிர்த்துப் போராட வேண்டிய நிலை வந்தது. நாட்டு விடுதலைக்காகப் பாடியவரின் பாட்டைப் பாட ஒரு நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது, எழுத்தாளர்கள் இயக்கமாகத் திரண்டனர். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற முடிவெடுத்தது. மெய்யப்பச் செட்டியார் விலை கேட்காமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து முழுதும் மக்களுடையதாயிற்று.

பொதுவானது பாரதியின் சொற்கள். ஒரு திரைப்படத்தில் அந்தச் சொற்களுக்கு அமைத்த மெட்டு இசையமைப்பாளரின் படைப்பு. அந்த மெட்டின் பாதுகாப்பு அவர் மறைந்து 60 ஆண்டு வரை தொடரும். ஒலிப்பதிவுக்கு வெளியிட்ட ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 2000இல் வந்த ‘பாரதி’ படத்தின் பாட்டை எடுத்துக் காணொளியில் சேர்ப்பவர் பாரதிக்கு எதுவும் கடன்படவில்லை. ஆனால் இளையராஜாவின் இசைக்கும் அந்த ஒலிப்பதிவுக்கும் உரியவர்களிடம் கேட்க வேண்டும். அதே கவிதையைப் பள்ளி மாணவி தன் சொந்த மெட்டில் பாடி வலையேற்றினால் யாரும் தடுக்க முடியாது. அந்தப் பாட்டின் இசையும் ஒலிப்பதிவும் அந்த மாணவியுடையவை.

பாரதிதாசன் விஷயத்தில் காலக்கணக்கே உதவுகிறது. தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது ஒருபுறம் இருக்க, அவர் 1964இல் மறைந்ததால், வாழ்நாளில் வெளிவந்த எழுத்துகளுக்கான 60 ஆண்டு 2024 டிசம்பர் 31இல் முடிந்தது. வைத்திக்குப்பத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்தோடு இணைந்த இரு பெயர்களும் இந்தக் கணக்கை விளக்கும். ஸ்ரீ அரவிந்தர் 1950இல் மறைந்தார். அவர் வாழ்ந்தபோது வெளியான எழுத்து 2011 முதல் இந்தியாவில் பொதுவானது. 1973இல் மறைந்த அன்னையின் எழுத்து 2033 இறுதி வரை பாதுகாப்பில் இருக்கும். இறந்தபின் முதன்முதலாக வெளியான நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கிட வேண்டும். எனவே ஒரே ஆசிரியரின் ஒரு நூல் பொதுவாகவும் இன்னொன்று பாதுகாப்பிலும் இருக்கக்கூடும். இந்த 60 என்ற எண்ணே 1992இல் வந்தது. அதற்கு முன் 50. தாகூர் மறைந்து 50 ஆண்டு 1991இல் முடியவிருந்த வேளையில் அரசு காலத்தை நீட்டியது.

பொதுவுக்கு வந்த எழுத்தையும் விருப்பம்போலத் திரிக்கலாம் என்று பொருளில்லை. ஆசிரியர் என்று பெயர் சொல்லப்படும் உரிமையும், தம் பெருமைக்கு இழுக்கு வரும்படி படைப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவில் தனியே உள்ளன. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிதைப்பைத் தடுக்கும் உரிமை பதிப்புரிமைக் காலத்தோடு முடிவதில்லை. பாரதி எழுதாத வரிகளுக்குக் கீழே பாரதி பெயரைப் போட்டுப் பரப்பும் படங்கள் நாள்தோறும் வருகின்றன. அவருக்கு இழைக்கும் அநியாயங்களில் அது மோசமானது. உண்மையான பாடம் ‘மதுரைத் திட்டம்’, தமிழ் விக்கிமூலம் போன்ற இடங்களில் இலவசமாகக் கிடைக்கும்போது அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

“இசையமைத்தவருக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் அவருக்கு என்ன?”

1977இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று இந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது. படத்துக்காகப் பணம் வாங்கி இசையமைத்தால் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர் என்று அது கூறியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை மாற்றிவிட்டது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இனி விட்டுக்கொடுக்கவே முடியாது. அதே திருத்தத்தில் இன்னொரு வரி, புதிய ஊடகத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. இசைத்தட்டு காலத்தில் பாரதியின் உரிமை போன வழியை நினைத்தால் இந்த ஒரு வரியின் அருமை புரியும்.

2012க்கு முந்தைய பாடல்களுக்கு இந்த விதி எவ்வளவு பொருந்தும் என்பதில்தான் பெரும் வழக்குகள் நடக்கின்றன. 2017இல் இளையராஜா, தம் பாடல்களை மேடைகளில் பாடுவது குறித்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். 2024இல் ‘குணா’ படப் பாட்டு இடம்பெற்ற ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கும் அறிவிப்பு போனது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாக அவர்கள் சொன்னார்கள். இரு தரப்பும் உரிமை பேச முடிவதற்குக் காரணம், அடுக்குகள் வேறு வேறு கைகளில் இருப்பதுதான். இதை இளையராஜாவின் பிடிவாதமாக மட்டும் பார்ப்பது அவருக்கு முன்னே உரிமையைத் தொலைத்துவிட்டுப் போன எண்ணற்ற பாடலாசிரியர்களை மறப்பதாகும்.

2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ சுயாதீன இசையிலும் இதே கேள்வியை எழுப்பியது. ஒப்பாரி மரபிலிருந்தும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவுகளிலிருந்தும் பாடலாசிரியர் அறிவு எழுதிய பாட்டு உலகெங்கும் சென்றது. யாருக்கு எவ்வளவு பெயர் என்ற பேச்சு முதலில் எழுந்தது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டுக்காகத் தாங்கள் யாரும் பணம் பெறவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒப்பாரியோ மீனவர் வலையிழுக்கும் அம்பாப் பாட்டோ தலைமுறைகள் சேர்ந்து ஆக்கியவை, எந்த ஒருவருக்கும் பதிப்புரிமை இல்லாதவை. அவற்றிலிருந்து புதிதாக ஒருவர் ஆக்கியது அவருடையது. கோடிக்கணக்கான பார்வைகள் ஒருவருக்கும் சோறு போடாமல் போகலாம் என்பதால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பாட்டை வெளியிடக் கூடாது.

“யூடியூப் எச்சரிக்கை வந்தால் சட்டத்தை மீறியதாக அர்த்தம்.”

யூடியூபின் அடையாளம் காணும் கருவி 2007இல் வந்தது. நிறுவனங்கள் கொடுத்துவைத்த ஒலி, ஒளி மாதிரிகளோடு ஒவ்வொரு காணொளியையும் அது ஒப்பிடுகிறது. பொருந்தினால் உரிமை கோரல் வரும். பெரும்பாலும் விளம்பர வருமானம் கோரியவருக்குப் போகும், அல்லது காணொளி தடுக்கப்படும். இது ஒரு வகை. உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்துக் காணொளியை நீக்கச் செய்து வரும் ‘ஸ்ட்ரைக்’ வேறு. 90 நாளுக்குள் அப்படி மூன்று வந்தால் கணக்கே பறிபோகலாம். இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம் அல்ல. ஒலி பொருந்துகிறதா என்பதை இயந்திரம் அறியும். அது விமர்சனத்துக்காக எடுக்கப்பட்டதா, சமயச் சடங்கா, காலம் முடிந்த படைப்பா என்பதை அது அறியாது. ஆகவே காரணம் இருந்தால் மறுப்புத் தெரிவிப்பதில் தவறில்லை.

இந்தியச் சட்டம் தனக்கென ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் புகார் தந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பை 21 நாளுக்கு நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். சிறு படைப்பாளிகள் பலர் இதை அறியாததால், தளத்தின் உள்விதியைச் சட்டம் என்றே எண்ணித் தம் நியாயமான காணொளியையும் தாமே அழித்துவிடுகிறார்கள். இது வருந்தத்தக்க இழப்பு.

“செயற்கை நுண்ணறிவு செய்ததற்கு உரிமையாளர் இல்லை, யார் குரலையும் எடுக்கலாம்.”

கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று 1994இலேயே சட்டத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இன்றைய கருவிகளில் ஒரு வரிக் கட்டளை கொடுப்பவர் அந்த அளவுக்குக் காரணமானவரா என்பதற்கு இந்திய நீதிமன்றங்கள் இன்னும் முடிவான விடை தரவில்லை. இந்தக் கருவிகளைப் பயிற்றுவிக்கப் பிறர் எழுத்தைக் கேட்காமல் எடுக்கலாமா என்பதை 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு கேட்கிறது.

குரல் விஷயத்தில் பாதை தெளிவாகிவருகிறது. ‘லால் சலாம்’ படப் பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று அவர்களுக்கு ஊதியமும் கொடுத்ததாக 2024 ஜனவரியில் அவர் அறிவித்தார். ஏறக்குறைய அதே நாட்களில், ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் கேட்காமல் பயன்படுத்தப்பட்டதாக அவருடைய குடும்பம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதியின்றிப் பாடகரின் குரலைப் போலியாக உருவாக்கித் தரும் கருவிகள் அவருடைய ஆளுமை உரிமையை மீறுவதாகக் கருதி இடைக்காலத் தடை விதித்தது. வைத்திக்குப்பத்துத் தீர்த்தவாரிக் காணொளிக்கு மறைந்த பாடகர் ஒருவரின் குரலில் புதுப் பக்திப் பாட்டைக் கணினியில் செய்து சேர்ப்பவர், பாட்டின் வரிகளும் மெட்டும் தம்முடையவையாகவே இருந்தாலும், அந்தப் பாடகரின் குடும்பத்தை முதலில் கேட்க வேண்டும்.